இரண்டு நூல்

அட்டன் நீதிமன்றத்தில் செவ்வாய்க்கிழமை.
தகரத்தில் மழை இரைந்ததால்
நீதவான் கேட்டதை நான் இரண்டு தரம் கேட்டேன்.
என் வேலை உரைபெயர்ப்பு.
அந்தப் பக்கம் சிங்களம், இந்தப் பக்கம் தமிழ்,
நடுவில் தொண்டைக்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர்.

பதினேழாவது வழக்கு. முத்துக்கருப்பன் தியாகு,
கொட்டகலையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவர்.
பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது
காற்சட்டைப் பையில் மடக்குக் கத்தி.
மரப்பிடி. அதில் ஓர் ஆணி விழுந்துபோய்
அந்த இடத்தில் செம்புக் கம்பி.

சார்ஜன்ட் ரத்நாயக்க அடிமட்டம் கொண்டுவந்திருந்தார்,
மகளுடையது, ஓரத்தில் பூனைப் படம்.
சட்டம் விட்ட அளவுக்கு மேல்
இரண்டு நூல்.
அலகு தொடங்குவது கீலிலிருந்தா,
கூர் தொடங்கும் இடத்திலிருந்தா என்று கேட்க
தியாகுவுக்கு வக்கீல் இல்லை.
இன்னும் இரண்டு வருடம் தீட்டியிருந்தால்
அது தேய்ந்து தேய்ந்து
தானாகவே சட்டத்துக்குள் வந்திருக்கும்.

"எதற்காக வைத்திருந்தீர்?"

"சும்மாதாங்க தொர."

தொரையைக் கனம் நீதவான் அவர்களே ஆக்கினேன்.
அது கைப்பழக்கம்.
சும்மாவுக்கு 'நிகங்' என்றேன்.
ஒரு சொல் இன்னொரு சொல்லில்
இவ்வளவு சரியாகப் போய் உட்கார்ந்து
வருடக்கணக்காகிறது.
நீதவானின் உதடு அரை நொடி இளகியது.
அவர் வீட்டு மேசை லாச்சியிலும்
நிகங் கிடக்கும் ஏதோ ஒன்று இருக்கும்.
ஆனால் முன்னாலிருந்த தடித்த புத்தகம்
மூன்றாவது மொழியில் எழுதப்பட்டது.
அதில் தகுந்த காரணம் உண்டு,
சும்மா இல்லை.

"காரணம் என்னவென்று கேளுங்கள்."

சொல்லுங்க தியாகு.
கோவா மூட்டைச் சணலை அறுக்க.
லீக்ஸ் வேரை நறுக்க.
செருப்பில் ஏறிய முள்ளை நெம்ப.
மகளுக்குப் பேரிக்காய் சீவ.
எனக்குத் தெரியாத இன்னும் எதற்காவது.
என் நாக்கின் அடியில் வந்து வரிசையாய் நின்றன.
பெயர்க்கிறவள் தானாய்ச் சொன்னால் குற்றம்.
வெந்நீரோடு விழுங்கினேன்.

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு:
"மலையில கவ்வாத்துக்குப் போன காலத்துல
மொழங்கை நீளக் கத்தி, தோட்டமே குடுக்கும்மா.
ரோட்டைத் தாண்டினா
இது பெரிசுன்னு தெரியல."

குடுக்கும்மா.
என்னிடம் சொன்னதை
அவரிடம் சொன்னதாகப் பெயர்த்தேன்.

(அண்ணன் ஒருமுறை, சண்டைக் காலம்,
பென்சில் சீவும் அலகை
நானுஓயாவுக்கு முன்னால் ரயில் ஜன்னலால் எறிந்தான்.
அடுத்த ஸ்டேஷனில் அவனை இறக்கிச் சோதித்தார்கள்.
பையில் சீவாத பென்சில்.
எதற்கு என்று கேட்டார்களாம், சிங்களத்தில்.
பெயர்க்க ஆள் இல்லை.)

தண்டம் மூவாயிரம். கத்தி அரசுடைமை.

வழக்குப்பொருளைக் காக்கி உறையில் இட்டுக் கட்ட
பரீதா மிஸ் நூலுருண்டையை எடுத்தார்.
கத்தரிக்கோல் பதிவறையில்.
பதிவறைச் சாவி சாப்பிடப் போயிருந்தது.
பல்லால் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.
பிறகு, ஒன்றும் யோசிக்காமல்,
கத்தியை விரித்தார்.

நீதவான் அடுத்த கோவையில் இருந்தார்.
சார்ஜன்ட் மழையைப் பார்த்தார்.
கூண்டிலிருந்து தியாகு மட்டும்,
"பாத்து மிஸ், பிடி கொஞ்சம் ஆடும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன்,
எந்த மொழிக்கு என்று தெரியாமல்.
பரீதா மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியும்.
பிடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு
அறுத்தார்.
மறுபடி உட்கார்ந்தேன்.